காலையில் வரச் சொல்லிவிட்டுப் போனவர்

ஞானப்பிரகாசம் சார் காலமான செய்தி வந்தபோது, நான் அவரோடு சண்டை போடுவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் பாதியில் நின்றுபோன சண்டை. ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு, அவர் வாயைத் திறக்கவே முடியாதபடி பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஹைகோர்ட் வக்கீலுக்குக்கூட அப்படி வராது. அப்போது அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்து, "அங்கிள், அப்பா எழுந்துக்கலை" என்றாள். தூக்கத்திலேயே போய்விட்டார். பதில் சொல்லாமல் நழுவுவது சாருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த அளவுக்குப் போவார் என்று நான் நினைக்கவில்லை.

நம் நகர்ச் சங்கத்தில் சாரைப் பற்றி என்னை எழுதித் தரச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. அதனால் என்ன? தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பாண்டுரங்கனின் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டவர்கள். பேனா பிடிப்பது அதைவிடக் கஷ்டமா? எழுத எழுத என் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். சாவு வீட்டுக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள் என்று எழுதினேன். ஐந்நூறு என்று திருத்தினாள். அதுவே அதிகம் என்று இப்போது முணுமுணுக்கிறாள். கூட்டம் தெருமுனை வரை நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். சாருக்கு வலது கை என்று சொல்லிக்கொள்கிறவன் ஏன் கல்லறைத் தோட்டத்துக்கு வரவில்லை? சர்க்கரை இறங்கிவிட்டது என்று சிலரிடம் சொன்னேன். கார் மக்கர் செய்தது என்று சிலரிடம் சொன்னேன். இரண்டும் இல்லை. அதற்கும் காரணம் சார்தான். உயிரோடு இருந்தபோது என் வேலையைக் கெடுத்தது போதாதென்று, போன பிறகும் ஒரு நாள் என்னை அலையவிட்டார். அதைத்தான் எழுதப்போகிறேன்.

புதிதாக அபார்ட்மென்ட்டுகளில் குடிவந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நம் தெருக்களில் உதவி கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒருவன் ஆஸ்பத்திரி பைலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைக்கு ஆபரேஷன் என்று வருவான். முதல் தெருவில் ஆண் குழந்தை, இரண்டாம் தெருவில் பெண் குழந்தை. ஏமாந்தவர்கள் எல்லாம் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். இனி யாரும் வாசலில் பணம் கொடுக்கக் கூடாது. எல்லோரும் சங்கத்து உண்டியலில் போட வேண்டும். கேட்டு வருகிறவர்களை இரண்டு பேர் விசாரிப்பார்கள். இரண்டு பேரும் சம்மதித்தால்தான் உண்டியல் திறக்கும்.

ஒருவர் ஞானப்பிரகாசம் சார். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். பணம் கேட்கிறவர்களை ஆயுசு முழுக்கச் சந்தேகப்பட்டவர், நம்பி உட்காரவைக்கலாம் என்று நினைத்தோம். இன்னொருவன் நான். கிளட்சில் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தே, ஆள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று சொல்லிவிடுவேன். இது மிகையில்லை, சரோஜாவே ஒத்துக்கொள்வாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நகர் முகப்பில் ஒரு போர்டு வைத்தோம். 'உதவி நாடி வருவோர் வீடுகளில் கேட்க வேண்டாம். கீழ்க்கண்ட இருவரை மட்டும் அணுகவும்' என்று எழுதி, எங்கள் பெயர்களைப் போட்டு, கீழே ஓர் அம்புக்குறி. என் ஸ்கூல் காருக்கு எல் போர்டு எழுதுகிற பெயின்டர்தான் எழுதினார், மஞ்சளில் கறுப்பு. விசாரணை என்றதும் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது சங்கத்தின் கணக்கு. நடந்தது நேர் எதிர். மற்ற நகர்களில் வீடு வீடாக மணியடிக்க வேண்டும், நாய்க்குப் பயப்பட வேண்டும். இங்கே ஆபீஸே இருக்கிறது, ஆள் இருக்கிறது, அம்புக்குறி வேறு இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினவர்கள் எல்லாம் நேராக இங்கே வந்தார்கள். "உதவி ஆபீஸ் ஸ்டாப்பிங் எதுங்க?" என்று ஒருவர் பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டதை என் காதால் கேட்டேன்.

போர்டைப் பிடுங்கிப் போடலாம் என்று நான் குதித்தேன். சார் நிதானமாக, "இருக்கட்டும் பாண்டு. எங்கே கேக்கறதுன்னு தெரியாம அலையறவங்களுக்கு ஒரு அட்ரஸ் கிடைச்சுது" என்றார். போர்டு இன்றைக்கும் நிற்கிறது.

அவர் வீட்டு வாசலில் அவரோடு விசாரணைக்கு உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆள் வந்ததும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எந்த ஊர், என்ன பெயர் என்று தொடங்குவேன். சார் கையைக் காட்டி நிறுத்துவார். உள்ளே போய்த் தட்டு எடுத்துவருவார். மனைவி இறந்த பிறகு அவரே சமைத்தார். எலுமிச்சம்பழச் சாதம் ஒன்றுதான் உருப்படியாக வரும். அதைப் போட்டு, அப்பளம் வைத்து, வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரையில் பேப்பர் படிப்பார். "பசியோட இருக்கறவன்கிட்ட கேள்வி கேட்டா, பசிதான் பதில் சொல்லும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம்" என்பார். சாப்பிட்டு முடித்தவரிடம் நான் என்ன மிரட்ட முடியும்? பாதி நாள் எனக்கும் ஒரு தட்டு வந்துவிடும். சாதத்தைப் பிசைந்துகொண்டே அதட்டிப் பாருங்கள், தெரியும்.

பொங்கலுக்கு முன்பு ஒரு நாள், மதுரைக்காரன் என்று ஒருவன் வந்தான். பர்ஸைப் பறிகொடுத்துவிட்டானாம், ஊரில் அம்மாவுக்கு முடியவில்லையாம். பார்த்த மாத்திரத்திலேயே இது டூப் என்று சாரின் காதில் சொன்னேன். சார் பணமாகக் கொடுக்கவில்லை. என் வண்டியில் அவனை ஏற்றி, தானும் ஏறி, என்னை டிரைவராக்கிப் பெருங்களத்தூருக்குக் கூட்டிப்போனார். பண்டிகைக் கூட்டத்தில் ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பஸ்ஸிலும் இடமில்லை. சார் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, கண்டக்டர்களிடம் கெஞ்சி, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினார். அடுத்த வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அதே ஆள் அதே பர்ஸைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தான். நான் சட்டையைப் பிடிக்கப் போனேன். சார் முந்திக்கொண்டு, "என்னப்பா, அம்மாவுக்கு இப்போ தேவலையா?" என்று கேட்டார். அவன் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, "தேவலை சார்" என்றான். "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு இவர் நடந்துவிட்டார்.

வீடு வரும் வரையில் நான் திட்டிக்கொண்டே வந்தேன். கேட்டைத் திறக்கும்போது சார் சொன்னார்: "ஏமாந்தது நான். உனக்கு ஏம்ப்பா மூச்சு வாங்குது?"

யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஆசிரமம் கட்டுவதாக வந்தார். சார் தட்டை நீட்டியதும், சாப்பாடெல்லாம் வேண்டாம், பணத்தைப் போனில் அனுப்பிவிடுங்கள் என்று, ஸ்கேன் செய்கிற சதுரக் கட்டம் போட்ட அட்டையை நீட்டினார். அடுத்து இன்னும் பல வீடு போக வேண்டுமாம். "அப்ப கிளம்புங்க, லேட் ஆயிடும்" என்று சார் வாசலைக் காட்டிவிட்டார். எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் மரியாதை வந்தது. அதுவும் அன்று ஒரு நாளைக்கு.

இத்தனை வருஷம் கிளெய்ம் ஆபீஸில் இருந்தவர் இப்படியா இருப்பார் என்று ஒரு முறை கேட்டேவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அங்கே சந்தேகப்படறதுக்குச் சம்பளம் குடுத்தாங்க பாண்டு. ரிட்டயர் ஆன அப்புறமும் அதையே சும்மா செய்யணுமா?" என்றார். எது கேட்டாலும் இப்படி ஒன்று வைத்திருப்பார். நமக்குப் பதில் ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றும்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சரோஜா வேண்டாம் என்கிறாள். ஒரு மந்திரிக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதையைச் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, போன தடவை எம்.எல்.ஏ. என்று சொன்னதாக ஞாபகப்படுத்தினார். அதற்கு முந்தின தடவை கவுன்சிலர் மச்சான் என்றும் சொல்லியிருந்தேனாம். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "நீ சொல்றதுல பாதிதான் நிஜம்னு எனக்கு முதல் நாள்லேருந்து தெரியும். அதுக்காக உனக்குக் காபி குடுக்காம இருந்தேனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். நானும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி அந்தக் கடைசிச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

அஞ்சலை என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், கைகளில் சுண்ணாம்பு வெடிப்பு. பெருங்களத்தூரில் புதிதாக எழும்புகிற அபார்ட்மென்ட் ஒன்றில் சித்தாள் வேலையாம். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். மாவுக்கட்டுப் போட்டாயிற்று, நாளைக்குக் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சைட்டில் தகரக் கொட்டகையில் வேறு ஆளைக் குடிவைத்தாகிவிட்டது, மேஸ்திரி போனை எடுப்பதில்லை. திண்டிவனம் தாண்டி அவர்கள் ஊர். நீட்டின காலோடு பஸ்ஸில் ஏற முடியாது. ஒரு கார் வைத்து ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

சார் வழக்கம்போலச் சாதம் போட்டார். நான் வழக்கம்போலக் காத்திருந்து, பிறகு கேள்விகளை வீசினேன். முதலில் மாடியிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள், அப்புறம் சாரம் சரிந்தது என்றாள். பிள்ளைகள் எத்தனை என்றால் இரண்டு பையன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றி வளைத்துக் கேட்டபோது, ஊரில் ஒரே பெண் குழந்தை அப்பனைத் தேடி அழுகிறது என்றாள். புருஷன் பெயரைக் கேட்டால் யோசித்துத்தான் 'ஏழுமலை' என்று வந்தது. முடிந்தது கதை என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், இது சரிப்படாது" என்றேன்.

"கதையில கோளாறு இருக்குப்பா. கால்ல கோளாறு இருக்கா இல்லையான்னு இன்னும் பாக்கலையே" என்றார் சார். அவளிடம் திரும்பி, "காலையில வாம்மா. நானே ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்" என்றார். அவள் போன பிறகு என்னிடம், "நீயும் வர்றே. வண்டி உன்னுதுதான்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அவள் புளுகுகிறாள் என்றேன். அவர் பெரிதாகக் கொட்டாவி விட்டு, காலையில் சண்டை போடலாம் என்று கதவைச் சாத்தினார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் சிநேகிதர்கள் போகும்போது நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள் ஷாமியானா போட்டு நாற்காலிகள் இறக்கிக்கொண்டிருந்தபோதே அஞ்சலை வந்துவிட்டாள். சாரின் பிள்ளைகள் எல்லாம் உள்ளூரிலேயே இருந்ததால் அன்றைக்கே நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. அவள் ஷாமியானாவைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், வாசல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். துக்கத்துக்கு வந்தவள் என்று நினைத்து யாரோ காபி கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தாள். பிறகு சங்கத்துக்காரர் ஒருவருக்கு விஷயம் தெரிந்துபோய், இன்றைக்குமா என்று எரிந்து விழுந்து, அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்துப் போகச் சொன்னார். அவள் வாங்கவில்லை. மதியம் வரை அங்கேயே நின்றாள்.

நான் போய், "இன்னாம்மா நீ, நேரங்காலம் தெரியாதா?" என்றேன்.

"தெரியுது சார். அவரு வந்து பாக்கறேன்னாரு. அதான் வந்தேன்."

"அவரு எங்க வருவாரு இனிமே?"

"நீங்க வாங்க. வந்து பாருங்க. பொய்யின்னா வுட்டுட்டுப் போயிடுங்க."

பணம் கொடு என்று கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. வந்து பார் என்று கூப்பிட்டால் என்ன செய்வது? கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் படுத்திருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு மனிதர் செத்துப்போகலாமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. போய்ப் பார்ப்போம், அவள் குட்டு வெளிப்படும், நாலு மணிக்குள் திரும்பி வந்து தோள் கொடுப்போம் என்று ஸ்கூல் காரை எடுத்தேன். வேறு வண்டி அப்போது கையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏழுமலை என்று ஒருவன் நிஜமாகவே இருந்தான். தொடை வரை கட்டு. கட்டிலில்கூட இல்லை, வராந்தாவில் தள்ளுவண்டியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அடுத்த நோயாளி கட்டிலுக்கு வந்தாயிற்று. நர்ஸ் என்னைப் பார்த்ததும், இவ்வளவு நேரம் கழித்தா வருவது என்று என்னைத் திட்டினாள். யாரென்றே தெரியாத ஒருவனுக்காக, நான் திட்டு வாங்கினேன். எல்லாம் சாருக்கு வர வேண்டிய திட்டு.

சரி, பெருங்களத்தூர் வரை கொண்டுபோவோம், அங்கே வாடகைக் கார் ஸ்டாண்டில் எனக்குத் தெரியாத டிரைவர் கிடையாது, ஒரு வண்டியில் ஏற்றிவிட்டு உண்டியலிலிருந்து வாடகை கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழுமலையைப் பின்சீட்டில் குறுக்கே சாய்த்து, காலை நீட்டிவைத்தோம். அவனுக்கே சீட் போதவில்லை. அஞ்சலை முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பரம் தாண்டுகிற வரையில் நான் சாரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் என் காதைப் பார்த்துவிட்டு, "போன்ல யாரு சார்?" என்று கேட்டாள். போனில் யாரும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு விசேஷம் உண்டு. மாணவன் சொதப்பினால் பிடிக்க, பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். தொடர்ச்சியாக விடுமுறை வந்த வெள்ளிக்கிழமை அது. பெருங்களத்தூரை நெருங்கும்போது ஒரு வெளியூர் பஸ் உரசுகிற மாதிரி வந்து வளைந்தது. அஞ்சலை பயந்துபோய் இரண்டு காலையும் முன்னால் ஊன்றினாள். அந்தப் பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டின் நட்டநடுவில் கார் ஆணியடித்த மாதிரி நின்று, எஞ்சின் அணைந்தது. பின்னால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் அலறியது. சென்னையிலிருந்த எல்லாப் பஸ்ஸும் எனக்குப் பின்னால்தான் நின்றது. பின்சீட்டில் ஏழுமலை 'ஐயோ' என்று கத்தினான். அவள் திரும்பிப் பதறினாள்: "அண்ணே, காலு, காலு. ஒண்ணும் ஆவலையே அண்ணே?"

புருஷனை எந்த ஊரில் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள்?

காரை ஓரம் கட்டினேன். பார்த்தீர்களா சார் என்று மனசுக்குள் சத்தம் போட்டேன். யார் அந்த ஆள் என்று அவளைக் கேட்டேன். அவள் தலையைக் குனியவில்லை. ஏழுமலைதான் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரே சைட்டில் வேலையாம் இருவரும். இவன் பூசு வேலை, அவள் கலவை சுமப்பவள். வேறு உறவு கிடையாது. இவன் விழுந்த அன்று மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், இவள் ஆட்டோவில் ஏறிக் கூட வந்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கூலியும் போயிற்று. இரண்டு பையன்கள் அவளுடையவர்கள், பெண் குழந்தை அவனுடையது. அதுதான் என் குறுக்கு விசாரணையில் நான் கண்டுபிடித்த மகா புளுகு.

"அதை நேரா சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன்.

"நேராத்தான் சார் சொன்னேன், நாலஞ்சு எடத்துல. 'உனக்கு அவன் யாரு, உனக்கு ஏன் அக்கறை'ன்னு ஒரு மாதிரியா பாத்தாங்க. புருஷன்னு சொன்னா அப்பிடிப் பாக்க மாட்டாங்க."

கீழே இறங்கி ஸ்டாண்டைப் பார்த்தேன். ஒரு வண்டிகூட இல்லை, எல்லாம் ஊர்ப்பக்கம் சவாரிக்குப் போய்விட்டிருந்தன. பஸ் ஸ்டாப்பில் நிற்கவே இடமில்லை. மணி மூன்று ஆகப்போகிறது. நிழற்குடையில் இவர்களை இறக்கிவிட்டுத் திருப்பினால் நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கலாம். பொய் சொன்னாள் என்று சங்கத்தில் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. கையில் காரணம் இருந்தது, எதிரில் யு-டர்னும் இருந்தது.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாரைத் தூக்குவதற்கு அங்கே தெரு நிறைய ஆள் இருந்தார்கள். இந்த ஆளைத் தூக்க நானும் ஒரு சித்தாளும்தான். ஏறி உட்கார்ந்து, "காலை எடும்மா அந்த பிரேக்லேர்ந்து" என்றேன். வண்டியைத் தெற்கே விட்டேன். செங்கல்பட்டு தாண்டும்போது நாலு மணி ஆயிற்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தோம். ஏழுமலையின் மனைவி ஓடிவந்தாள், குழந்தை கட்டைத் தொட்டுப் பார்த்து அழுதது. அவன் மனைவி அஞ்சலையைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டாள். அதுவரையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததேயில்லை. கூட வேலை செய்கிறவள் என்று மட்டும் அஞ்சலை சொன்னாள். என்னை யாரென்று கேட்டபோது, ஞானப்பிரகாசம் சார் அனுப்பினார் என்றேன். அவர் வரவில்லையா என்றாள். "அவருக்கு இன்னிக்கு வேற வேலைம்மா" என்றேன். அதைப் பொய் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

திரும்புகையில் அஞ்சலை பின்சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். காலையில் அவள் கலவை சுமக்கப் போக வேண்டும். அந்த ஊரில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவனைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் வந்திருக்கிறாள். சார் இருந்திருந்தால் இதை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நிச்சயம் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன். இதில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் திண்டாடியிருப்பேன்.

இதுதான் நான் கல்லறைக்கு வராத கதை. மறுநாள் காலையில் தனியாகப் போனேன். மண் ஈரமாக இருந்தது, மாலைகள் அதற்குள் வாட ஆரம்பித்திருந்தன. ராத்திரியெல்லாம் தயார் செய்த பேச்சு ஒன்றுக்கும் உதவவில்லை. போய்ப் பார்த்துவிட்டேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சாருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட வேண்டும் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கண்ணாடி, பைபிள், நாற்காலி எல்லாம் ஸ்டெல்லாவிடம் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பங்கு வேண்டாம். அவருடைய சம்மதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் உண்டியல் திறக்கும் என்பது நாம் போட்ட விதி. வாசலில் யார் வந்து நின்றாலும், அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டுப் போய்ப் பார்க்கச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். முடியாது என்று சொல்கிற வேலை, காரணம் தேடுகிற வேலை, கடைசியில் வண்டிச் சாவியை எடுக்கிற வேலை, எல்லாம் என் ஒருவன் தலையில். கொஞ்சமும் நியாயமில்லை சார் இது.